பங்கீட்டுப் புத்தகமும் வாழ்க்கைச் செலவும்

வாழ்க்கைச் செலவு ஏறிவிட்டதென்னும் முறைப்பாடு எக்காலத்தும் எவ்விடத்தும் கேட்கப்படுவதொன்று. கல்முனைப் பட்டினத்துக்கும் அதன் மேற்கே விரிந்து கிடக்கும் வயல்வெளிக்கும் இடையில் அமைந்த நற்பிட்டிமுனை போன்றதோர் ஊரில் இம்முறைப்பாடு இருவகையாக எழக் காணலாம். அக்காலத்திற் சதக் கணக்கில் வாங்கியவற்றை இக்காலத்தில் நூற்றுக்கணக்கான ரூபாய் கொடுத்து வாங்கவேண்டியிருக்கிறதே என்று வருந்துவர் ஒரு சாரார். அக்காலத்தார் பெயரும் அறியாத பண்டங்களையெல்லாம் இக்காலத்தார் இன்றியமையாதவை எனக் கொண்டமையாலேயே இத்துன்பம் வந்தது என்பர் மற்றொரு சாரார். முன்னவர் விலையைக் குறை கூறுகின்றனர். பின்னவர் மனிதரைக் குறை கூறுகின்றனர்.

பின்னவர் கூற்று அறவுரைபோல் ஒலித்தலின் அதற்குச் செவிசாய்ப்போர் பலர். தேவையைச் சுருக்கினாற் செலவு சுருங்கும் என்பதை மறுப்பார் யாருமிலர். ஆயின் தேவை எது, ஆசை எது என்பதை வரையறுப்பவர் யார் என்னும் வினாவை அவ்வறவுரை எழுப்புவதில்லை. இலங்கை வரலாற்றில் இவ்வினாவுக்கு விடை ஒரு சிறு புத்தகத்தில் அச்சிடப்பட்டு வீடுதோறும் வழங்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அரிசி, சீனி முதலியவற்றைப் பெறுதற்கு 1942 ஆம் ஆண்டு தொடக்கம் மக்கள் கையிற் கொண்டு சென்ற கூப்பன் புத்தகமே அது. அப்புத்தகத்தின் கதையைத் துருவி ஆராயின், மேற்கூறிய இரு சாராரும் ஒவ்வொரு பாதியையே கண்டனர் என்பது புலனாகும்.

தேவைக்கும் ஆசைக்கும் இடையே கோடு கிழிக்க முயன்ற அறிஞர் பலர். 1377 ஆம் ஆண்டிற் பெரும்பகுதி எழுதப்பெற்ற தமது ‘முகத்திமா’ என்னும் நூலில் இப்னு கல்தூன், இன்றியமையாதவற்றையும் வசதிக்குரியவற்றையும் ஆடம்பரத்துக்குரியவற்றையும் வேறு பிரித்தார். குடிகள் பெருகி வளமுற்ற நகரத்தில் உணவுத் தானியம் மலிந்திருக்க, ஆடம்பரப் பொருள்களே விலையேறும் என்பதும் அவர் கண்ட உண்மை. ஆடம்பரமாயிருந்தது பழக்கத்தால் இன்றியமையாததாகிவிடும் என்பதையும் அவர் கண்டிருந்தார். நான்கு நூற்றாண்டு கழித்து, 1776 இல், ஆதம் சிமித்து என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர் இதே பொருளை ஒரு சட்டையைக் கொண்டு விளக்கினார். பண்டைக் கிரேக்கரும் உரோமரும் லினன் சட்டை இன்றி இனிதே வாழ்ந்தனர். ஆயினும் தம் காலத்து ஐரோப்பாவில் அச்சட்டை இன்றி வெளியே வரக் கூலியாளனும் நாணுவான். ஆகவே அது தேவையே என்பது அவர் கருத்து. உயிர் வாழ்தற்கு வேண்டியது மட்டுமன்றி, ஊரார் முன்னிலையில் நாணமின்றி வாழ்தற்கு வேண்டியதும் தேவையே என்னும் இக்கருத்து மனங்கொள்ளத் தக்கது.

பழைய இலங்கையில் தேவைகள் மிகச் சிலவாக இருந்தன என்பது பொதுவாக உண்மை. 1660 இல் கொட்டியாரக் குடாவிற் சிறைப்பட்டு, ஏறக்குறைய இருபது ஆண்டு கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த உறொபேட்டு நொக்சு, 1681 இல் வெளியான தமது நூலில் இதனை எடுத்துரைத்தார். வீட்டில் அரிசியும் உப்பும் இருந்தால் அந்நாட்டார் தமக்குக் குறையொன்றுமில்லை எனக் கருதினர் என்பது அவர் தரும் செய்தி. ஆயின் அவ்விரண்டனுள் ஒன்றாகிய உப்பு மலைநாட்டில் விளைவதன்று. கடற்கரையிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் பொதிமாட்டின்மேல் ஏறி மலைநாடு சென்றன. பாக்கு முதலியன கீழிறங்கி வந்தன. கிழக்குக் கரையோரத்து முஸ்லிம் வணிகர் இத்தவள வாணிகத்திற் பேர்பெற்றவர். தன்னிறைவு பெற்றதெனப் புகழப்படும் பழைய கிராமமும் ஒரு பொதிமாட்டின் வருகையை எதிர்நோக்கியே இருந்தது. எதிர்நோக்கிய பண்டம் ஒன்றிரண்டாயிருந்தது என்பதே வேறுபாடு. பின்னர் மண்ணெண்ணெய் வந்தது, தீப்பெட்டி வந்தது. இந்நாட்டு மலைகளில் விளைந்து பிறநாடு சென்ற தேயிலையை இந்நாட்டாரும் பருகப் பழகினர். தேயிலையோடு சீனியும் வந்தது. இவற்றின் வரவு மெல்ல நிகழ்ந்தது. யாரும் முறையிட்டதாகத் தெரியவில்லை.

பேரிடி விழுந்தது 1942 ஆம் ஆண்டிலேயாம். அதற்கு முன்னர் இலங்கையர் உண்ட அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கடல் கடந்து வந்தது. அதிற் பெரும்பகுதி பர்மாவின் அரிசி. தேயிலையும் றப்பரும் தேங்காயும் விற்று அரிசி வாங்கும் நாடாக இலங்கை நூறாண்டிற் சமைந்திருந்தது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் இரங்கூன் யப்பானியர் வசமாயிற்று. ஏப்பிரில் 5 ஆம் நாள் கொழும்பிலும், 9 ஆம் நாள் திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அரிசிக் கப்பல் நின்றது. கொழும்புத் தொழிலாளரின் வாழ்க்கைச் செலவைக் கணிக்கும் சுட்டெண், 1938–39 ஆம் ஆண்டுகளின் நிலையை 100 எனக் கொண்டது. போர் முடியுமுன்னரே அது இருமடங்காயிற்று. பணம் படைத்தோர் அரிசியை வாங்கிச் சேமிப்பர், பணமில்லாதோர் பட்டினி கிடப்பர் என்னும் நிலையைத் தவிர்க்கவே பங்கீடு புகுத்தப்பட்டது. 1943 இல் வங்காளத்தில் நேர்ந்த பெரும்பஞ்சத்தை எண்ணிப் பார்ப்போர், இலங்கையில் அத்தகைய அழிவு நேராமைக்குக் கூப்பன் புத்தகமும் ஒரு காரணம் என்பதை மறவார்.

பங்கீட்டை நடாத்தக் கடைகள் வேண்டியிருந்தன. கூட்டுறவுப் பண்டகசாலைகள் நாடெங்கும் அக்காலத்திலேயே பல்கின. சங்கக்கடை என்னும் சொல் தமிழ்க் கிராமங்களில் வேரூன்றியதும் அதன் விளைவே. கிழக்கின் நெல்விளையும் கரையோரத்துக்கு இன்னொரு மாற்றமும் வந்தது. உள்நாட்டு நெல்லை அரசாங்கமே குறித்த விலைக்குக் கொள்வனவு செய்யலாயிற்று. களத்திற் பொலி தூற்றி முடியுமுன்னரே அந்நெல்லின் ஒரு பகுதிக்கு உரியவர் கொழும்பில் இருந்தனர். அவணக் கணக்கில் நெல் அளந்து பழகிய போடிமார் இப்பொழுது புசற் கணக்கில் அளந்து பற்றுச்சீட்டு வாங்கினர்.

அரிசி போதாமையால் கோதுமை மா இறக்குமதியாயிற்று. போருக்கு முன் பாண் பெரும்பாலும் பட்டினத்தாரின் உணவு. கிராமத்தில் அது நோயாளிக்கு வாங்கிக் கொடுக்கப்பட்டது. போர்க்காலத்தில் அரிசிக்கு மாற்றாக மா வந்தபோது, அதனைப் பலர் வேண்டாவெறுப்பாகவே ஏற்றனர். போர் முடிந்தது, பர்மாவின் அரிசி மீண்டும் வந்தது, மாவோ திரும்பிச் செல்லவில்லை. பிட்டாகவும் உறொட்டியாகவும் இடியப்பமாகவும் வடிவெடுத்து அடுக்களையில் நிலைபெற்றது. கோதுமை இந்நாட்டில் விளைவதன்று. ஆகவே, போர் விட்டுச் சென்ற ஒரு பழக்கத்துக்காக இலங்கை இன்றுவரையில் அந்நியச் செலாவணி கொடுத்து வருகிறது. 1980 ஆம் ஆண்டளவில் திருகோணமலையில் இயங்கத் தொடங்கிய பெரிய மா ஆலை இப்பழக்கத்துக்கு இரும்பினால் அடித்தளம் இட்டது எனலாம். பாண் உண்போரைப் பார்த்து ‘ஆசை பெருகிவிட்டது’ என்று குறைகூறும் ஒருவர் இவ்வரலாற்றை அறிந்திருப்பாராயின் சற்றுத் தயங்குவார். இத்தேவையை மக்கள் விரும்பித் தேடவில்லை. வேறு வழியின்றி அது அவர்கள் கையிற் கொடுக்கப்பட்டது.

சுதந்திரத்தின் பின்னரும் பங்கீடு நீடித்தது. காரணம் எளிது: மலிவான அரிசி மக்களின் உரிமை என்னும் எண்ணம் அதற்குள் உறுதிபெற்றிருந்தது. இதற்கு அரசாங்கம் கொடுத்த விலையை ஒரு சிறு கணக்காற் காட்டலாம். 1950 களில் உழவனுக்கு உறுதியளிக்கப்பட்ட விலை ஒரு புசல் நெல்லுக்கு 12 ரூபாய். ஒரு புசல் நெல் ஏறக்குறைய 46 இறாத்தல். அதனைக் குற்றினால் முப்பது இறாத்தலுக்குச் சற்று மேற்பட்ட அரிசி, அஃதாவது ஏறக்குறைய 15 கொத்து கிடைக்கும். குற்றுகூலி, ஏற்றுகூலி, களஞ்சியச் செலவு ஆகியவற்றை நீக்கிப் பார்ப்பினும் ஒரு கொத்தின் அடக்கவிலை 80 சதமாகிறது. 1953 ஆம் ஆண்டு யூலை மாதம்வரை மக்கள் கூப்பனுக்குப் பெற்ற அரிசியின் விலையோ ஒரு கொத்து 25 சதம். இடைப்பட்ட 55 சதத்தை யாரேனும் கொடுத்தே ஆகவேண்டும். கொரிய யுத்தத்தின் பயனாக 1950, 1951 ஆம் ஆண்டுகளில் றப்பர் விலை வானளாவ ஏறியிருந்தபொழுது அதனைக் கொடுக்க அரசாங்கத்திடம் பணம் இருந்தது. றப்பர் விலை வீழ்ந்து, உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியபோது நிலைமை தலைகீழாயிற்று. 1952 டிசெம்பரில் சீனாவுடன் செய்துகொண்ட றப்பர்–அரிசி உடன்படிக்கை ஓரளவு மூச்சுவிட இடமளித்ததேயன்றி, உணவு மானியத்தின் பாரத்தை நீக்கவில்லை.

1953 யூலையில் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தன சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டம் இப்பாரத்தை ஒரே வீச்சில் இறக்கிவைக்க முயன்றது. கூப்பன் அரிசி கொத்தொன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாயிற்று. பாடசாலைப் பிள்ளைகளுக்கு வழங்கிய மதிய உணவு நிறுத்தப்பட்டது. புகையிரதக் கட்டணமும் தபாற் கட்டணமும் உயர்ந்தன. கணக்கின்படி நோக்கின் 70 சதம் அநியாய விலையன்று, அடக்கவிலைக்கும் குறைந்ததே. ஆனால் வீட்டுக் கணக்கு வேறு. வருவாயிற் பாதிக்கு மேல் உணவுக்கே செலவிடும் குடும்பத்தில், அவ்வுணவின் நடுநாயகமான பண்டம் ஏறக்குறைய மும்மடங்கு விலையேறினால், குறைப்பதற்கு வேறொன்றும் எஞ்சியிராது. ஆகஸ்டு 12 ஆம் நாள் இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பின்பேரில் ஹர்த்தால் நிகழ்ந்தது. தென்மேற்குக் கரையோரத்திற் புகையிரதப் பாதைகள் பெயர்க்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தோரும் உளர். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்றிற் கூடியது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அவர் பின் வந்த சேர் ஜோன் கொத்தலாவலையின் அரசாங்கம் விலையைக் குறைத்தது.

அரசியலார் இந்நிகழ்ச்சியிலிருந்து கற்ற பாடம் நெடுங்காலம் மறக்கப்படவில்லை. 1962 இல் பங்கீட்டைக் குறைக்க முயன்ற நிதியமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க அப்பதவியை இழந்தார். 1966 இறுதியில் டட்லி சேனநாயக்க, மீண்டும் பிரதமராயிருந்து, இரண்டு கொத்தை ஒரு கொத்தாக்கினார். அவ்வொரு கொத்தை இலவசமாகக் கொடுத்தார். இரண்டாவது கொத்தை மீட்டுத் தருவோம் என்னும் வாக்குறுதி 1970 ஆம் ஆண்டுத் தேர்தலில் எதிர்க்கட்சியினருக்குப் பெருந்துணையாயிற்று. ஒரு நாட்டின் ஆட்சி ஒரு கொத்து அரிசியினால் நிறுத்து அளக்கப்பட்டதைக் கண்டு நகைத்தோர் உண்டு. ஆயின் அவ்வரிசியின் பயனை இறப்புக் கணக்கிற் காணலாம். வருவாயில் இலங்கையை ஒத்த பல நாடுகளினும் இங்கே மக்கள் நீண்ட நாள் வாழ்ந்தனர். இதற்குச் சுகாதார, கல்விச் சேவைகளோடு உணவுப் பங்கீடும் காரணம் எனப் பொருளியலறிஞர் அமர்த்தியா சென் எடுத்துக்காட்டினார்.

இனி, நெல் விளைந்த இடத்துக்கு வருதல் வேண்டும். 1949 இல் அமைக்கப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபை, பட்டிப்பளையாற்றை இங்கினியாகலையில் அணையிட்டு மறித்தது. கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர் முதலிய ஊர்களின் பழைய வயல்களும் இந்நீரைப் பெற்றன. 1961 இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து பிரிந்த அம்பாறை மாவட்டம் நாட்டின் பெரும் நெற்களஞ்சியங்களுள் ஒன்றாயிற்று. பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான எச்-4 போன்ற இனங்களும், அவற்றின் பின்வந்த குறுகிய பயிர்களும் ஏக்கருக்கு ஏக்கர் விளைச்சலைப் பெருக்கின. ஆனால் அவை உரம் கேட்டன. எருமை மிதித்துச் சூடடித்த களத்தில் உழவு இயந்திரம் ஏறியது. அது எண்ணெய் கேட்டது. களைக்கும் பூச்சிக்கும் மருந்து வந்தது. வயற்காரனுடைய வீட்டுத் தேவை பெருகியதைப் பலர் கூறுவர். அவனுடைய வயலின் தேவை பெருகியதைக் கூறுவார் சிலரே. முன்னர் வித்தும் உழைப்பும் எருமையும் கொண்டு செய்த வேளாண்மை, இப்பொழுது கடையிற் கடன்கொண்டு தொடங்கும் வேளாண்மையாயிற்று. விளைச்சல் விற்றவுடன் கடை முதலாளியின் கணக்குத் தீர்க்கப்படவேண்டும். எனவே நெல் மலிந்த மாதத்தில் விற்று, அரிசி அருகிய மாதத்தில் வாங்கும் உழவர் பலராயினர். தம் களத்து நெல்லையே உயர்ந்த விலைக்கு அரிசியாக வாங்கும் இவ்விந்தையைக் கண்ணுற்றவர், வாழ்க்கைச் செலவு பட்டினத்தாரின் நோய் மட்டுமே எனக் கருதார்.

1973 இல் உலகச் சந்தையில் எண்ணெயும் தானியமும் ஒருங்கே விலையேறின. பங்கீடு குறைந்தது, பாணுக்கு மக்கள் விடியுமுன்னரே வரிசையில் நின்றனர். 1971 இல் நிறுவப்பட்ட நெற் சந்தைப்படுத்துஞ் சபைக்கே நெல்லை விற்றல் வேண்டும் என்றும், அனுமதியின்றி அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு செல்லலாகாது என்றும் விதிகள் எழுந்தன. வீதித் தடைகளிற் பைகள் சோதிக்கப்பட்டன. இறக்குமதி தடுக்கப்பட்டமையால் நன்மை பெற்றோரும் உண்டு. யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயச் செய்கையாளர் செழித்தனர். நற்பிட்டிமுனைக்கு அண்மையிலுள்ள மருதமுனையின் கைத்தறிச் சாரங்களுக்கும் சேலைகளுக்கும் சந்தை விரிந்தது. துணி அருகிய காலத்தில் தறி ஓடிய ஊர் உண்டு. அரிசி அருகிய காலத்தில் உயிர் ஓய்ந்த ஊர்களும் உண்டு. 1974 இல் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் இறப்பு வீதம் திடுக்கிடும்படி ஏறியது. அத்தோட்டத் தொழிலாளருக்குச் சொந்த வயல் இல்லை, கொல்லைப்புறத் தோட்டமும் அரிது. கூப்பனும் கூலியுமே கதி. தேவை என்னும் சொல்லின் முழுப்பொருளையும் அவ்வாண்டின் புள்ளிவிபரம் உணர்த்துகிறது. தேவையைச் சுருக்குக என்னும் அறவுரை அவர்களிடத்தில் உரைக்கத் தக்கதன்று.

பாண் வரிசையின் சினம் 1977 யூலைத் தேர்தலில் வெளிப்பட்டது. ஆளுங்கட்சி எட்டு ஆசனங்களாகச் சுருங்கியது. அவ்வாண்டு நவம்பரிற் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. இறக்குமதித் தடைகள் பெரும்பாலும் நீங்கின. டொலரின் விலை ஏறக்குறைய 16 ரூபாயாயிற்று. இதன்பின் வந்த ஐந்தாண்டுகளே இக்கட்டுரைப் பொருளுக்கு மிகவும் இன்றியமையாதன.

கல்முனைக் கடைத்தெருவிற் பல ஆண்டுகளாகக் காணாத பொருள்கள் குவிந்தன. வானொலிப் பெட்டி, ஒலிநாடாப் பெட்டி, பளபளக்கும் செயற்கை இழைத் துணி, கைக்கடிகாரம், பின்னர் தொலைக்காட்சி. 1982 இல் ரூபவாகினி ஒளிபரப்பத் தொடங்கியது. செயற்கை இழைத் துணியின் முன் மருதமுனைத் தறிகள் பல ஓய்ந்தன. மத்திய கிழக்கு நாடுகளுக்கு உழைக்கச் சென்றோர் விடுமுறையில் மீளும்போது பெட்டிகள் நிறையப் பொருள் கொணர்ந்தனர். ஊர் முழுவதும் ஆசையின் அலை புரண்டதென அக்காலத்தை வருணிப்போர் கூறுவர், அதிற் பொய்யில்லை.

அதே ஆண்டுகளில் வேறொன்றும் நிகழ்ந்தது. 1978 தொடக்கத்தில், மாதம் 300 ரூபாய்க்குக் குறைந்த வருவாயுள்ள குடும்பங்களுக்கே பங்கீடு என வரையறுக்கப்பட்டது. 1979 செத்தெம்பரிற் கூப்பன் அரிசி முற்றாக நிறுத்தப்பட்டு, அதற்குப் பதிலாக உணவு முத்திரை வழங்கப்பட்டது. கூப்பன் ஓர் அளவைக் குறித்தது. முத்திரை ஒரு தொகையைக் குறித்தது. வேறுபாடு சிறிதெனத் தோன்றும், உண்மையிற் பெரிது. ஒரு கொத்து என்பது விலை ஏறினாலும் ஒரு கொத்தே. முத்திரையில் அச்சிட்ட ரூபாயோ விலை ஏற ஏறச் சுருங்கும். மாவுக்கும் சீனிக்குமான மானியம் நீக்கப்பட்ட 1980 இல் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஒரே ஆண்டில் 26 விழுக்காடு ஏறியது. 1982 அளவில் உணவு முத்திரையின் உண்மைப் பெறுமதி ஏறக்குறைய பாதியாகிவிட்டது. மத்திய வங்கி 1978/79 இலும் 1981/82 இலும் நடாத்திய நுகர்வோர் நிதி ஆய்வுகளை ஒப்பிட்டு நோக்கியோர், மிக வறிய ஐந்திலொரு பங்கினர் உண்ட உணவின் சத்து இவ்விடைக்காலத்திற் குறைந்ததெனக் கண்டனர்.

கடையில் தொலைக்காட்சி ஏறிய ஆண்டுகளிற் கலத்தில் சோறு குறைந்தது. இவ்விரண்டும் ஒரே வீட்டில் நிகழவில்லை என்பதே கருதத் தக்கது. ஆசை பெருகிய வீடு ஒன்று. தேவை சுருங்கிய வீடு வேறொன்று. இவ்விரு வீடுகளையும் சேர்த்துச் சராசரி எடுத்து, ‘மக்கள் வரவுக்கு மிஞ்சி வாழ்கின்றனர்’ என்று பொதுப்படக் கூறுவது கணக்குப் பிழை.

ஆசையெனத் தோன்றுவதெல்லாம் ஆசையோ என்பதும் ஆராயத் தக்கது. கிழக்குக் கரையோரத்திற் பெண்ணுக்கு வீடும் வளவும் கொடுத்தே மணம் முடிப்பர். மணமகன் பெண்வீட்டிற் குடியேறுவான். தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் இவ்வழக்கம் பொதுவானது. பெண்கள் மூவரைப் பெற்ற தந்தை மூன்று வீடு கட்டவேண்டியவனாகிறான். கிடுகு வேய்ந்த மண்வீடு போதுமாயிருந்த காலத்தில் இவ்வழக்கத்தின் செலவு பெரிதன்று. உறவினர் கூடி வேய்ந்து முடித்தனர். கல்வீடு வழக்கமான பின் சீமெந்தும் கம்பியும் ஓடும் மரமும் விலை கொடுத்தே வாங்கப்படவேண்டியவை. கடலுக்கும் வயலுக்கும் இடையில் நெருங்கிய இக்கரையில் நிலமும் அரிது; வயலை மண்ணிட்டு நிரப்பியும் வளவு தேடினர். மத்திய கிழக்கில் ஒரு தந்தை, சில வேளை ஒரு தாயே, உழைத்த ஆண்டுகள் பல இச்சுவர்களிற் கலந்துள்ளன. வெளியூரார் இவ்வீடுகளைக் கண்டு ‘ஆடம்பரம்’ என்பர். ஆனால் அவ்வீடு இன்றேல் பெண்ணின் மணம் நிகழாது. ஆதம் சிமித்து கூறிய லினன் சட்டைக்குக் கல்முனைப் பகுதியில் ஒத்தது இவ்வீடே. இவ்வழக்கம் நன்றோ தீதோ என்பது வேறு. அதனை மாற்றுதல் ஊர் கூடிச் செய்யவேண்டிய செயல். தனியொரு தந்தை சிக்கனத்தால் அதனின்று தப்ப இயலாது. மணவிருந்தும் அழைப்பிதழும் மேடை அலங்காரமும் ஆண்டுதோறும் விரிந்துவருதல் இதனோடு சேராது; அங்கே குறைகூறுவோர் பக்கம் நியாயம் உண்டு.

வாழ்க்கைச் செலவைக் கணிக்கும் கருவியிலும் இம்மாற்றம் பதிந்துள்ளது. 1952 ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண், 1949/50 இற் கொழும்புத் தொழிலாளர் குடும்பங்களில் எடுத்த ஆய்வின் வழி அமைந்தது. அதில் உணவின் நிறை 61.9 விழுக்காடு. வானொலி அருமையாயிருந்த காலத்தில் வரையப்பட்ட அக்கூடை, அரைநூற்றாண்டுக்கு மேல் வழக்கிலிருந்தது. கைத்தொலைபேசி வந்த பின்னரும் நாட்டின் விலைவாசி அக்கூடையைக் கொண்டே அளக்கப்பட்டது. பின்வந்த புதிய கூடைகளில் உணவின் நிறை படிப்படியாகக் குறைந்தது: 2006/07 அடிப்படையில் 41 விழுக்காடு, 2013 இல் 28, 2021 இல் 26. வருவாய் ஏற ஏற உணவுக்குச் செலவாகும் பங்கு குறையும் என்பது 1857 இல் பெல்ஜியக் குடும்பங்களின் கணக்குகளிலிருந்து ஏர்ன்ஸ்ட் ஏங்கல் கண்ட விதி. இக்கூடைகள் அவ்விதிக்கு இசைவன. ஆயினும் இவை கொழும்பின் கூடைகள். 2013 ஐ அடிப்படையாகக் கொண்ட தேசிய விலைச் சுட்டெண்ணில் உணவின் நிறை 44 விழுக்காடு. கொழும்புக்கும் நாட்டுக்கும் இடையே இத்துணை வேறுபாடு இருப்பின், கொழும்புக்கும் கிட்டங்கி வயலிற் கூலிக்கு நாற்று நடும் பெண்ணின் வீட்டுக்கும் உள்ள வேறுபாடு எத்துணையாகும்!

2021 ஏப்பிரிலில் இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தடை பெரும்பாலும் தளர்ந்ததாயினும், பெரும்போகம் தப்பவில்லை. உரம் கேட்கும் இனங்களுக்கு உரமின்றி அறுபது ஆண்டுப் பழக்கம் ஒரே போகத்திற் கைவிடப்பட்டமையால், அம்பாறை மாவட்டத்து வயல்களிலும் விளைச்சல் வீழ்ந்தது. உழவனுக்கு உரம் தேவையா, ஆசையா என்னும் வினாவுக்கு அப்போகம் விடை கூறியது. 2022 ஏப்பிரில் 12 ஆம் நாள் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாமையை அரசாங்கம் அறிவித்தது. அவ்வாண்டு செத்தெம்பரிற் கொழும்பின் பணவீக்கம் 69.8 விழுக்காட்டையும், உணவுப் பணவீக்கம் 94.9 விழுக்காட்டையும் தொட்டன. எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசை நீண்டது. ஐம்பது ஆண்டுக்கு முந்திய பாண் வரிசையை நினைவு கூர்ந்தோர் பலர். ஆகஸ்டிலே மண்ணெண்ணெய் இலீற்றர் ஒன்று 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாயிற்று. 1953 இன் அரிசி விலையேற்றத்தினும் இது விகிதத்திற் பெரிது. எரிவாயு கிடையாதோர் அடுப்பெரித்ததும், கல்முனைக் கரையிற் சிறுபடகு ஓட்டியதும் அவ்வெண்ணெயினால். படகுகள் மணலிற் கிடந்த நாட்களில் மீனும் விலையேறியது.

2023 இல், 1995 முதல் வழங்கிவந்த சமுர்த்தி உதவிக்குப் பதிலாக, ‘அஸ்வெசும’ என்னும் நலன்புரித் திட்டம் தொடங்கியது. யார் வறியவர் என்பதை 22 குறிகாட்டிகளைக் கொண்டு தீர்மானிக்கும் முறை அதில் உண்டு. கல்வி, உடல்நலம் ஆகியவற்றோடு, வீட்டின் தன்மையும் சொத்தும் மின்சாரப் பாவனையும் கணக்கில் எடுக்கப்படுகின்றன. கூப்பன் புத்தகம் தேவையை அரிசியால் அளந்தது. இப்புதிய படிவம் அதனைச் சுவரினாலும் மின்மானியினாலும் அளக்கிறது. முதற் பட்டியல் வெளியானபொழுது நாடெங்கணுமிருந்து இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் எழுந்தன. கல்லாற் கட்டிய வீடும், உள்ளே வெறும் உலையும் உடைய குடும்பத்துக்கு, அப்படிவத்தின் எக்கட்டத்தில் அடையாளமிடுவது என்பதே கிழக்குக் கரையின் பல வீட்டு வாசல்களில் அலுவலர் எதிர்ப்பட்ட வினா.